நாற்பதுக்குப் பிறகு நலப் பழக்கங்கள்: தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் தில்லியில் இயன்முறை மருத்துவராக இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஆர்.கே.புரம், முனிர்க்கா, லோதி காலனி பக்கங்களிலிருந்து முழங்கால் வலிக்கும் தோள் வலிக்கும் வருகிற நம் குடும்பத்தினர் பலரும், சிகிச்சை முடிந்து செருப்பை மாட்டும் நேரத்தில்தான் தங்கள் மனத்தில் உள்ள கேள்வியைக் கேட்பார்கள். நாற்பதைக் கடந்த பிறகு எவ்வளவு நடப்பது, எதை உண்பது, எப்படி உறங்குவது என்று திரும்பத் திரும்ப வந்த அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்து தொடர்பான முடிவுகளை உங்கள் மருத்துவரே எடுக்க வேண்டும்; நான் பேசுவது அன்றாடப் பழக்கங்களைப் பற்றி மட்டுமே.

முப்பது வயதில் எளிதாகச் செய்ததை இப்போது ஏன் செய்ய முடிவதில்லை?

பல மாற்றங்கள் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் வந்து சேர்வதே காரணம். தசைகளுக்குப் போதிய வேலை கொடுக்காவிட்டால், முப்பது வயதிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. முன்பு இரண்டு நாளில் ஆறிய சுளுக்கு இப்போது பத்து நாள் எடுத்துக்கொள்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் அளவு சுருங்குகிறது. பெண்களுக்கு ஹார்மோன்கள் ஏறி இறங்கத் தொடங்குகின்றன. வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்டுக்கொள்கிற அதே வயதில்தான் இவையும் நடக்கின்றன. கண்ணாடிக்கு யாரும் வருந்துவதில்லை. ஆனால் நடையின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மட்டும் ஏதோ தோற்றுவிட்டதைப் போலப் பலரும் மனம் உடைந்துபோகிறார்கள். அது தேவையற்ற வருத்தம்.

உண்ட உணவை உடல் ஆற்றலாக்கிச் செலவிடும் வளர்சிதை மாற்றமே நாற்பதில் மந்தமாகிவிடுகிறது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை உடல் செலவிடும் ஆற்றல் பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. அப்படியானால் நாற்பதில் வயிறு முன்னே வருவதற்கு, குறைந்துபோன தசையும், நாற்காலியிலேயே கழியும் பகலும், கெட்டுப்போன உறக்கமும்தான் பெரும்பாலும் காரணம். இவை மூன்றும் நம் கைக்கு எட்டுகிறவை என்பதால் இந்த ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு.

இத்தனை ஆண்டு கடைப்பிடித்த பழக்கத்தை அப்படியே தொடர்வதுதானே நல்லது? மாற்றிக்கொள்வது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். பழக்கம் என்பதில் இரண்டு பகுதிகள் உண்டு. எந்த நேரத்தில், எதற்காகச் செய்கிறோம் என்பது ஒன்று. எவ்வளவு, எந்த வடிவில் செய்கிறோம் என்பது இன்னொன்று. முதலாவதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதை உடலும் பருவமும் குடும்பச் சூழலும் மாறும்போதெல்லாம் தயங்காமல் மாற்ற வேண்டும். நடுவயதில் நான் பார்க்கும் தோல்விகளில் பெரும்பாலானவை, இந்த இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

என்னிடம் வந்த மத்திய அரசு அலுவலர் ஒருவருக்கு அப்போது வயது 47. பத்து ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்கு நேரு பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓடியவர். குதிகாலில் வலி வந்தது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது முள் குத்துவதைப் போன்ற வலி. ஓட்டத்தை நிறுத்தினார். ஓட்டத்தோடு சேர்ந்து ஆறு மணிக்கு எழுவதும் நின்றது, காலையில் நண்பர்களைப் பார்ப்பது நின்றது, இரவு நேரத்தோடு உண்பதும் நின்றது. எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது எடை ஒன்பது கிலோ கூடியிருந்தது. குதிகால் வலி மட்டும் அப்படியே இருந்தது. ஓட முடியாத நிலையிலும் அவர் ஆறு மணிக்கு அதே பூங்காவுக்குப் போயிருக்கலாம். அங்கே கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் கைகளுக்கான பயிற்சியும் செய்துவிட்டு, நண்பர்களோடு மெல்ல ஒரு சுற்று நடந்திருந்தால், நின்றிருப்பது ஓட்டம் மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு பழக்கத்துக்கும் நிறை அளவு, குறை அளவு என்று இரண்டை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்கிறேன். நாற்பது நிமிட நடை நிறை அளவு என்றால், வீட்டுக் கூடத்தில் எட்டு நிமிட நடை அதன் குறை அளவு. நல்ல நாளில் முதலாவது, கெட்ட நாளில் இரண்டாவது. இரண்டுமே செய்ததாகத்தான் கணக்கு. குறை அளவை நிர்ணயிக்கும்போது ஒரு எச்சரிக்கை: அலுவலகத்தில் மிக மோசமான ஒரு நாளைக் கழித்துவிட்டு வந்த இரவிலும் உங்களால் செய்ய முடிகிற அளவாக அது இருக்க வேண்டும். பலர் முதலில் எழுதிவரும் குறை அளவு அப்படி இருப்பதில்லை. பாதியாக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

ஒரு பழக்கம் படிய இருபத்தொரு நாள் போதும் என்கிறார்களே?

அதற்கு ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வில், புதிய செயல் ஒன்று யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. உணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது விரைவில் படிந்துவிடும். உடற்பயிற்சி படிய நெடுநாள் ஆகும். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் விட்டதற்காக எல்லாமே கெட்டுவிட்டது என்று கைவிட்டவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருப்பதால், அந்தக் கடைசிச் செய்தியையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

தில்லியில் மே மாதம் வெயில், நவம்பரில் புகை, ஜனவரியில் குளிர். எந்தப் பழக்கம்தான் நிலைக்கும்?

சென்னையிலோ திருச்சியிலோ ஒரே நேரத்தில் ஆண்டு முழுவதும் நடக்க முடியும். இங்கே அது இயலாது என்பதை ஏற்றுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஜூன் மாதத்தில் ஐந்தரை மணிக்குள் சூரியன் உதித்துவிடுகிறது. ஜனவரியில் ஏழே கால் ஆகிறது. ஆகவே கடிகார நேரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க முயன்றால் ஆண்டில் பாதி நாள் இருளிலோ வெயிலிலோ நடப்பீர்கள். தில்லியின் ஆண்டை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டம் வைத்திருப்பதே என் வழி.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை இந்த நகரம் நமக்குத் தரும் கொடை. லோதி தோட்டத்திலோ, உங்கள் காலனிப் பூங்காவிலோ நீண்ட நடைகளை இந்த நாட்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே, ஜூனில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடுவதால் காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடையில் மயக்கம் வந்தால் அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்க்க வேண்டும். மழைக்காலத்தின் புழுக்கத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரையிலான காலம்தான் கடினமானது. தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோலப் படிந்துவிடுவதாலும், காற்று வீசாததாலும், வாகனப் புகையும் கட்டுமானத் தூசியும் அண்டை மாநிலங்களில் அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் நெல் தாளை எரிக்கும் புகையும் மேலெழும்ப முடியாமல் நம் மூச்சின் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் பகுதியின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். நான் சொல்லும் அளவு இதுதான்: 200 வரை வெளியே நடக்கலாம், 201 முதல் 300 வரை நேரத்தைக் குறையுங்கள், ஓடாதீர்கள், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் வெளியே போகவே வேண்டாம், 300-ஐத் தாண்டினால் எல்லோருக்கும் வீட்டுக்குள்தான் பயிற்சி. விடியற்காலைக் காற்று தூய்மையானது என்ற நம் ஊர் நம்பிக்கை தில்லியின் குளிர்காலத்துக்குப் பொருந்தாது; பெரும்பாலான நாட்களில் வெயில் ஏறிய பிறகு, பிற்பகலில்தான் காற்று சற்றுத் தெளிகிறது. துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வேண்டும்.

வீட்டுக்குள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, அரசுக் குடியிருப்பின் மாடிப்படியே சிறந்த கருவி. பத்து நிமிடம் ஏறி இறங்கினால் உடல் நன்றாகச் சூடாகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். ஆர்.கே.புரத்தில் குன்றின் மேல் இருக்கும் முருகன் கோயிலான மலை மந்திருக்கு வாரந்தோறும் போகும் அன்பர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

தினமும் நடக்கிறேன். அது போதாதா?

நடை மிக நல்லது, ஆனால் நடுவயதில் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. நம் மக்கள் முதலாவதைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவதைக் காதில் வாங்கவே இல்லை. குறிப்பாகப் பெண்கள். எடை தூக்குவது ஆண்களின் வேலை என்ற எண்ணத்தினால் எத்தனையோ அம்மாக்கள் அறுபது வயதில் தரையிலிருந்து எழுவதற்கே கை கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்பதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக விருப்பமில்லை என்றால் வீட்டிலேயே தொடங்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தொடைக்கு. சுவரில் உள்ளங்கைகளை வைத்து உடலை முன்னும் பின்னும் தள்ளுவது மார்புக்கும் தோளுக்கும். குக்கர் விசில் வரும் வரை சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. ஐந்து கிலோ ஆட்டா (கோதுமை மாவு) பையைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு கூடத்தில் நாலு முறை நடப்பது கையின் பிடிமானத்துக்கும் முதுகுக்கும். ஒவ்வொன்றையும் எட்டு முறையில் தொடங்கி, பன்னிரண்டு முறை எளிதாக வந்தவுடன் கடினத்தைச் சற்றுக் கூட்டுங்கள்; கூட்டாவிட்டால் தசைக்கு வளர வேண்டிய காரணமே இருக்காது. பல் துலக்கும்போது ஒரு காலில் நின்று பழகுவது, பிற்காலத்தில் விழாமல் இருப்பதற்கான முதலீடு.

தோள் இறுகிவிட்டது, கையைத் தூக்க முடியவில்லை. பயிற்சியை நிறுத்தலாமா?

எனக்கே நாற்பத்தெட்டு வயதில் வலது தோள் உறைந்துபோனது. மேல் அலமாரியில் இருக்கும் காபி பில்டரை எடுக்க முடியாது. மகளுக்குத் தலை பின்ன முடியாது. மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த வலியை அப்போதுதான் அறிந்தேன். 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது அதிகம் வருகிறது. எனவே தோள் இறுகினால் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் இது படிப்படியாகத் தளர்ந்துவிடும் என்றாலும், அதுவரை கையை அசைக்காமல் வைத்திருந்தால் மேலும் இறுகும். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுவது முதல் பயிற்சி. அதற்கடுத்ததை உங்களைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டும். யாரையாவது வைத்துக் கையைப் பலவந்தமாக இழுத்துவிடச் சொல்லாதீர்கள்.

தோள் வலித்த அந்தப் பதினான்கு மாதமும் என் காலைப் பயிற்சி நேரத்தை நான் விடவில்லை. கால்களுக்கும் இடது கைக்கும் வேலை கொடுத்தேன். தோள் சரியான நாளில் புதிதாகத் தொடங்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் எந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும்?

தொடர்ந்து பன்னிரண்டு மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கொள்கிறோம். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே திடீரென உடல் கொதிப்பது, இரவில் வியர்த்து விழிப்பது, காரணமில்லாத எரிச்சல், மூட்டுவலி ஆகியவை தொடங்கிவிடும். நாற்பத்து மூன்று வயதில் இப்படி வந்தவர்கள் பலர், தங்களுக்கு ஏதோ பெருநோய் வந்துவிட்டதென்று பயந்துபோய், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சொல்லுங்கள். கணவரிடம், மகளிடம், தோழியிடம் சொல்லுங்கள். தாங்க முடியாத அளவு இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

எலும்பு தேய்வது மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாக இருக்கும். அதனால் இதற்கு முன்பு எடைப் பயிற்சி செய்யாதவர்கள் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, எள், கீரை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். இரவு வியர்வைக்கு, படுக்கையறையைக் குளிர்ச்சியாக வைப்பதும், பருத்தி உடையும், மாலையில் காபியையும் காரத்தையும் குறைப்பதும் பலருக்கு உதவுகின்றன. ஒரு வருடம் நின்ற பிறகு மறுபடி இரத்தப்போக்கு ஏற்பட்டால், அது ஒரு துளியாக இருந்தாலும், தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கு இப்படி ஏதும் இல்லையா?

திடீர் மாற்றம் இல்லை. ஹார்மோனில் மெதுவான சரிவு உண்டு. ஆண்களிடம் நான் காணும் பெரிய சிக்கல் வேறு: இரத்த அழுத்தத்தை அளந்துகொள்வதே இல்லை, இருபது வயதில் ஆடிய கிரிக்கெட்டை ஆண்டுக்கு ஒரு முறை அலுவலகப் போட்டியில் முழு வேகத்தில் ஆடித் தொடைத் தசையைக் கிழித்துக்கொள்கிறார்கள். விளையாடுங்கள், ஆறு வாரம் முன்னதாகவே உடலைத் தயார் செய்யத் தொடங்குங்கள்.

இட்லி, தோசை, சாதத்தை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். அவற்றோடு எது வருகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை; 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம். நம் வழக்கமான சமையலில், குறிப்பாகச் சைவ வீடுகளில், சாம்பாரில் மிதக்கும் பருப்பை வைத்து அந்த அளவை எட்டுவது கடினம். காலையில் இட்லியோடு ஒரு முட்டை சேர்த்தால் 6 கிராம் கூடும். முட்டை உண்ணாதவர்களுக்கு ஒரு தம்ளர் பால் ஏறத்தாழ அதே அளவைத் தரும். இந்த விஷயத்தில் தில்லி நமக்கு உதவும் ஊர்: தெருமுனைக் கடையில் கிடைக்கும் பனீர் 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது, ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியின் சமையலறையிலிருந்து நம் சமையலறைக்கு எப்போதோ வந்துவிட்டன. குளிர்காலத்தில் சந்தையில் குவியும் பத்துவா நம் சக்கரவர்த்திக் கீரைதான். பருப்போடு மசித்தால் மணக்க மணக்க இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எடையைவிட இடுப்பளவைக் கவனியுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லை. உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம்தான். ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். இன்னொன்று: உணவுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. பனிக்காலத்தில் வெளியே போக முடியாவிட்டால், தொலைபேசியில் ஊருக்குப் பேசுவதை நடந்துகொண்டே பேசுங்கள்.

இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். வயதானால் குறைவாகத் தூங்கினால் போதும் என்பது சரியல்ல. முதலில் மாலைக் காபியைப் பாருங்கள். காபியில் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. அலுவலகத்திலிருந்து வந்து ஆறு மணிக்குக் குடிக்கும் கெட்டி டிகாக்‌ஷனின் பாதி, பதினொரு மணிக்கும் உங்களுக்குள் விழித்திருக்கிறது. காபியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. காலைக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நகர்த்திக்கொள்ளுங்கள்.

விழிப்பு வந்தால் கைபேசியை எடுக்காதீர்கள். இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பாவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது படுங்கள். முந்தைய இரவு எப்படிப் போனாலும் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம். பலத்த குறட்டையும், மூச்சு நின்று நின்று வருவதும், பகலில் தூங்கி விழுவதும் சேர்ந்திருந்தால் அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்குப் பரிசோதனை உண்டு.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இங்கே மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. எனக்கென்று நேரம் எங்கே?

இந்தக் கேள்வியை ஓர் அக்கா என்னிடம் அழுதுகொண்டே கேட்டார். மூன்று மாதத்தில் நான்கு முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்று வந்திருந்தார். இப்படிப்பட்ட காலத்தில் நிறை அளவைப் பற்றிப் பேசுவதே கொடுமை. அவருக்கு நாங்கள் எழுதிய குறை அளவு மூன்றே வரி: எழுந்ததும் பத்து முறை நாற்காலி எழுச்சி, இரு வேளையாவது புரதம் உள்ள உணவு, இரத்த அழுத்த மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருப்பது. இரண்டு இரவும் ஒரு பகலும் நீளும் அந்த ரயில் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பெட்டியின் நீளத்துக்கு நடக்கவும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கவும் சொன்னேன். ஏழு மாதம் அவ்வளவுதான் செய்தார். அப்பாவின் காரியங்கள் முடிந்து திரும்பியபோது அவருடைய இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் இருக்கும் தம்பியிடம், அடுத்த இரண்டு மாதம் உன் பொறுப்பு என்று நேராகச் சொன்னார். மூத்த மகள் என்பதால் எல்லாம் தன் தலையில்தான் என்று இருபது ஆண்டுகளாக நினைத்திருந்தவருக்கு அதைச் சொல்வதுதான் எல்லாப் பயிற்சிகளிலும் கடினமானதாக இருந்தது.

மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். 2022-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு சேவையில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

என்னென்ன பரிசோதனைகள், எப்போது?

முப்பது வயதிலிருந்தே இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பைவாய்ப் புற்று ஆகியவற்றுக்கான சோதனை அரசுத் திட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) நல மையங்கள் இருக்கின்றன. வெறும் வயிற்றில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி சோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தாலோ அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, 10.1 கோடிப் பேர் நீரிழிவோடும் 13.6 கோடிப் பேர் இந்த முந்தைய நிலையிலும் இருப்பதாக மதிப்பிட்டது. இந்த நிலையில் பழக்கங்கள் மருந்தளவுக்கு வேலை செய்யும் என்பதால், எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் அன்றே திட்டத்தை எழுதத் தொடங்குங்கள்.

பயிற்சியின்போது எந்த அறிகுறியைக் கண்டால் நிறுத்த வேண்டும்?

மார்பில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல். பெண்களுக்கு மார்பு வலி இல்லாமலே குமட்டலும் களைப்புமாக மாரடைப்பு வரக்கூடும்; வாயுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 112-ஐ அழையுங்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு. இனித் தொடங்கிப் பயன் உண்டா?

உண்டு. தொண்ணூறு வயதைக் கடந்தவர்களிடமும் எடைப் பயிற்சி தசையை வலுப்படுத்துகிறது என்று 1990-லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு அதற்கு மிகவும் முந்தைய வயது. இதய நோய், நீரிழிவு, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாளைக் காலை பல் துலக்கியதும், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மூன்று முறை என்றால் மூன்று. அந்த எண்ணை நாட்காட்டியில் தேதியோடு குறித்து வைத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.